எந்த கேஸ்?

பித்தளையும் வெண்கலமும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களோடு போனில் பேசிப் பேசியே என் ஆயுளில் பாதி போய்விட்டது. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். இதைச் சொன்னால், "எல்லாம் மஞ்சளாத்தானே மேடம் இருக்கு?" என்பார்கள். மஞ்சளாக இருப்பதெல்லாம் ஒன்று என்றால் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மஞ்சள் பெயிண்டைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதானே என்று நாக்கு நுனி வரை வரும். சில நாள் வெளியேயும் வந்துவிடும்.

நான் வேலை பார்ப்பது செம்புக்கும் அதன் கலவைகளுக்குமான தொழில் ஆலோசனை மையத்தில். பெயர்தான் நீளம். லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கூடம், அதில் டைரக்டர், நான், ஆமாஞ்சாமி, அவ்வளவுதான். அலமாரி முழுக்க அறுத்த குழாய்கள், விரிசல் விட்ட திருகுகள், களிம்பு பிடித்த தகட்டுத் துண்டுகள். யார் வேண்டுமானாலும் போன் செய்து இலவசமாகக் கேட்கலாம். கோழிப் பண்ணையில் மாட்டிய பித்தளைக் குழாய் யாரும் தொடாமலே ஏன் வெடிக்கிறது என்று ஒருவர் கேட்பார். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது, அங்கே அதை மாட்டக் கூடாது என்பேன். அவர் என்னமோ நான்தான் கோழிகளை ஏவிவிட்டது போலக் கோபித்துக்கொண்டு போனை வைப்பார்.

இலவசம் என்பதால் தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். செம்பு ஆலைகள் சேர்ந்துதான் எங்களுக்குப் படியளக்கின்றன. "செம்பு வேணாம்னு ஒருத்தன் போனை வெச்சான்னா அந்த போன் தண்டம்" என்பது டைரக்டரின் வேதவாக்கு. அந்த வேதத்துக்கு ஏற்ற பூசாரி ஆமாஞ்சாமி. ஆலையின் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவன். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன். தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, மின்கம்பி, அடுப்பு என்று வீட்டுக்குள் வருகிற செம்பைப் பற்றி எதைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பான். தெரியாததை என்னிடம் வந்து கேட்பான். தெரியாது என்பதே தெரியாவிட்டால் கேட்க மாட்டான். அதுதான் அவனோடு இருந்த வம்பு.

எதைக் கேட்டாலும் "ஆமா சார், தாராளமா சார்" என்று சொல்கிறவனுக்கு நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பதிலுக்கு அவன் எனக்கு வைத்தது 'கூடாது மேடம்'. டைரக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பல்லைக் காட்டுவார். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. அந்த ஆளுக்கு ஈயமும் தெரியாது, பித்தளையும் தெரியாது.

என் தங்கையின் கணவன் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன். அவன் வைத்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தால் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வாய்தான் கொஞ்சம் அதிகம், அந்த விஷயத்தில் எனக்குச் சளைத்தவன் இல்லை. அவர்கள் வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்த ஒருநாள், "எங்க அக்கா செம்புக்கே சொம்பு தூக்குற ஆபீஸ்ல இருக்காங்க" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் எத்தனையோ பேர் யார் யாருக்கோ சொம்பு தூக்குகிறார்கள், நான் ஆலைகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருக்கிறேன், என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு? சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை, நானும் அவனிடம் பேசவில்லை. "உன் அக்கா வந்து பேசட்டும்" என்று அவன் சொல்ல, "உன் புருஷன் வந்து பேசட்டும்" என்று நான் சொல்ல, நடுவில் தங்கைக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

அன்று மத்தியானம் அவள் என் மேசைக்குப் போன் செய்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, ஒரு நல்ல சேதி. அவருக்குக் கோபம் இறங்கிடுச்சு."

"இறங்கட்டுமே. நானா ஏத்தி விட்டேன்?"

"பார்த்தியா, இதுக்குத்தான் உன்கிட்ட எதுவும் சொல்றதில்ல. கேளு. இப்ப உங்க ஆபீஸைப் பத்தி ஒரே புகழ். உங்க சார் ஒருத்தர் அவ்வளவு தன்மையா பேசினாராம். அவர் சொல்லித்தான் பட்டறைல குழாய் எல்லாத்தையும் மாத்தினாரு."

"என்ன குழாய்?"

"செம்புக் குழாய்தான். பழைய இரும்புக் குழாய் துருப்பிடிச்சு ஒழுகிக்கிட்டிருந்துச்சுல்ல. செம்பு போட்டா வளைக்கிறதும் சுலபம், துருவும் பிடிக்காது. ஆனா போடலாமான்னு ஒரு சந்தேகம். எவனோ எப்பவோ கூடாதுன்னு சொன்ன மாதிரி ஞாபகமாம். உன்கிட்ட கேட்கத்தான் ரோஷம் விடலையே. ஆபீஸ் நம்பருக்கே போட்டு, மேடம் வேணாம், சார் யாராச்சும் இருந்தா குடுங்கன்னு கேட்டாராம்." அவள் சிரித்தாள். "கேஸ் லைனுக்கு செம்பு போடலாமா சார்னாராம். தாராளமான்னு சொல்லிட்டாராம் உங்க சார்."

"எந்த கேஸு?"

"எந்த கேஸுன்னா? பட்டறைல எந்த கேஸ் இருக்கும்? வெல்டிங் கேஸ்தான்."

வெல்டிங் பட்டறையில் இரண்டு வகை சிலிண்டர் இருக்கும். ஒன்றை ஆக்சிஜன் என்பார்கள். மற்றதை வெறுமனே கேஸ் என்பார்கள். அசிட்டிலின் என்று முழுப் பெயரைச் சொல்லி எந்த வெல்டரும் மூச்சை வீணாக்க மாட்டான். அடுப்படியிலும் ஒரு கேஸ் இருக்கிறது. ஆமாஞ்சாமிக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அடுப்பு கேஸுக்குச் செம்பு மாதிரி நல்ல குழாய் இல்லை. அசிட்டிலினுக்குச் செம்பு மாதிரி எமன் இல்லை.

காரணம் சிக்கலானது அல்ல. அசிட்டிலின் செம்போடு பழகப் பழக, குழாயின் உள்பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பொடி படிகிறது. ஈரமாக இருக்கும்வரை அது பேசாமல் கிடக்கும். காய்ந்துவிட்டால் வெடிமருந்து. தீப்பொறிகூட வேண்டாம், ஒரு தட்டு, ஒரு உரசல் போதும். பித்தளையில் துத்தநாகம் நிறையக் கலந்திருப்பதால் ஓரளவு தாங்கும். சிலிண்டர் தலையில் பித்தளை இருக்கிறதே, செம்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று தங்கையின் கணவன் நினைத்திருப்பான். நினைத்தாலும் நம்பிவிடவில்லை, கேட்டிருக்கிறான். கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறான்.

"எப்ப மாத்தினது?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"அது ஆச்சு, மழைக்கு முன்னாடியே. ஏன்க்கா?"

"பட்டறை நடக்குதா இப்ப?"

"கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் சிலிண்டர் வராம மூடித்தானே கிடந்துச்சு. இன்னிக்குத்தான் திறக்கப் போயிருக்காரு."

மூடிக் கிடந்தது என்றால் காய்ந்து கிடந்தது என்று அர்த்தம்.

"நான் சொல்றதை அப்படியே அவன்கிட்ட சொல்லு. அந்தக் குழாய்ல யாரும் கை வைக்கக் கூடாது. வால்வைத் திறக்கக் கூடாது, மூடவும் கூடாது. கழட்டக் கூடாது. எல்லாரும் பட்டறையை விட்டு வெளியே வரணும். மத்ததை நான் வந்து பார்த்துக்கிறேன். சொல்லு, என்ன சொன்னேன்?"

அவள் திருப்பிச் சொன்னாள். சிரிப்பு போய் அழுகை வந்திருந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். வை, அவனுக்குப் போடு என்றேன்.

போனை வைத்தபோது ஆமாஞ்சாமி எதிர் மேசையில் யாருக்கோ கூரைத் தகடு பற்றித் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்தேன்.

"மழைக்கு முன்னாடி ஒரு வெல்டர் கேட்டானே, கேஸ் லைனுக்கு செம்பு போடலாமான்னு. எந்த கேஸுன்னு கேட்டியா நீ?"

அவன் முகம் மலர்ந்தது. "அவரா மேடம்! நல்ல மனுஷன். குழாய் பளபளன்னு இருக்கு சார்னு அப்புறம்கூட ஒரு தடவை பேசினாரு. என் நம்பர் வாங்கி வெச்சிருக்காரு."

"அது அடுப்பு கேஸ் இல்லடா பாவி! அசிட்டிலின்! அதுக்கு செம்பு போடவே கூடாது, வெடிச்சிடும்! அவன் என் தங்கச்சி புருஷன்!"

இவ்வளவுதான் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், நான் பதறினேன். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அப்போது என் மண்டையில் இருந்ததெல்லாம் மாடிப்படியும், கீழே வண்டி கிடைக்குமா என்பதும்தான்.

வண்டி கிடைத்தது. ஏறியதும் மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினேன். சண்டைக்குப் பிறகு அதை அழிக்கலாமா என்று பலமுறை யோசித்து, அழிக்காமல் விட்டிருந்த நம்பர். பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. நல்லது, தங்கை பேசிவிட்டாள் என்று நினைத்து மூச்சு விட்டேன். அடுத்த நிமிடமே அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, லைன் கிடைக்கல. யாரோடயோ பேசிக்கிட்டே இருக்காரு."

"விடாம போடு."

நானும் போட்டேன். பிஸி. திரும்பவும் போட்டேன். பிஸி. வண்டிக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். முன்னால் லாரி நிற்பதைக் கையால் காட்டினார். லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்! இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். ஓடினால் இன்னும் தாமதமாகும்.

அப்போது ஆமாஞ்சாமியின் போன் வந்தது.

"மேடம், கவலைப்படாதீங்க மேடம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நானே அவருக்குப் போன் போட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன். அந்த கேஸுக்கு செம்பு கூடவே கூடாது, உடனே கழட்டிடுங்க, ஒரு நிமிஷம்கூட வைக்காதீங்கன்னு தெளிவா சொல்லிட்டேன். அவரும் சரி சார், இப்பவே கழட்டிடறேன்னுட்டாரு."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் யாரிடமும் 'கூடாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றுதான் முதல் தடவை.

அவனைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை. போனை வெட்டிவிட்டு மாப்பிள்ளையின் நம்பரைப் போட்டேன். இந்த முறை மணி அடித்தது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா, ஒரு தடவை எடுடா, சொம்பு தூக்கின்னு சொல்லு, என்ன வேண்டுமானாலும் சொல்லு, எடுடா என்று நான் வண்டிக்குள் கத்தினேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். மணி தானாக நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்தது, பாதியில் அறுந்தது.

பட்டறைத் தெருவின் முனையிலேயே வண்டி நின்றுவிட்டது. தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். பட்டறையின் கூரைத் தகடு எதிர் வரிசைக் கடையின் மேல் மடங்கிக் கிடந்தது. சுவர் முழுக்க ஓடியிருந்த குழாயைக் காணவில்லை. அது போயிருந்த வழியில் சுவரில் நீளமாக ஒரு கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். காயம் எதுவும் இல்லை.

"அண்ணன்தான் எங்களை வெளியே அனுப்பிட்டாரு" என்றான் மற்றவன். "போன்ல யாரோ சார் பேசினாரு. பேசி முடிச்சதும், ஏய், இந்தக் குழாய் ஆபத்தாம், நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க, நான் கழட்டி வெச்சிடறேன்னாரு. நான் பிடிக்கிறேண்ணேன்னேன். போடா, பொண்டாட்டி வெச்சிருக்கிறவன் நீன்னு தள்ளிவிட்டாரு. அவரும் பொண்டாட்டி வெச்சிருக்கிறவருதானேக்கா? நாங்க தெருவைக்கூடத் தாண்டல, வெடிச்சிருச்சு. முதல் திருகுதான் திருகியிருப்பாரு."

உள்ளே போகவிடாமல் யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் அந்தக் கையைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது, தங்கைக்கு யார் சொல்வது என்ற யோசனை வந்ததும், சொல்ல வேண்டியவள் நான்தான் என்று புரிந்ததும். அவள் அப்போதும் விடாமல் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் விடாமல் போடச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் டைரக்டர் தங்கையின் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு வந்தார். என்னை வாசலுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம். யாருக்கும் வரக் கூடாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கேட்ட கேள்வி கேஸ் லைன். நாம சொன்ன பதில் கேஸ் லைனுக்குச் சரியான பதில்தான். நாளைக்கு யாராச்சும் விசாரிச்சா நீங்க அதை மட்டும் தெளிவா சொன்னாப் போதும்."

"ரெண்டாவது போன்?"

"அது ஆபீஸ் போன் இல்லையே. அவன் சொந்த போன்லேர்ந்து, சொந்தமா பேசினது."

"அவன் எங்கே?"

"ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்திருக்கான். எழுப்பினாலும் எழுந்திரிக்கல. பேசச் சொன்னா ஆமா ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுறான். நான் வேற என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். இந்த வாசல்ல நிக்காதீங்க, அது போதும். விசாரிக்க வர்றவங்ககிட்ட எந்த கேஸுன்னு ஒரு வார்த்தை கேட்க நாம அவனுக்குச் சொல்லிக் குடுக்கலன்னு நான் சொல்லுவேன். போன் தண்டமாகக் கூடாதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்தோம்னு சொல்லுவேன். எழுதிக் குடுன்னு கேட்டா எழுதியும் குடுப்பேன். போங்க சார்."

அவர் போய்விட்டார். திட்டித் தீர்த்ததும் மனது ஆறும் என்று ஒரு நினைப்பு. ஒரு மண்ணும் ஆறவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் பாதிக் கோபமும், படியில் உட்கார்ந்திருக்கிறவன் மேல் கொஞ்சமும் போக, மீதி எல்லாம் என் மேல்தான் வர வேண்டும். அசிட்டிலினுக்குச் செம்பு கூடாது என்பதை எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறான். போட்டுவிட்ட குழாயைத் தொடக் கூடாது என்பது என்னைப் போல ஒரு சிலருக்குத்தான் தெரியும். அதை நான் தங்கையிடம் சொன்னேன், அவள் கிளி மாதிரித் திருப்பிச் சொன்னாள். ஆமாஞ்சாமியிடம் சொல்லவில்லை.

உள்ளே தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். மடியில் அவள் போன் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்தது யாரு?" என்றாள்.

"எங்க டைரக்டர்."

"என்ன சொன்னாரு?"

"உளறிட்டுப் போறான்."

மடியிலிருந்த போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பட்டறைப் பசங்க ஒண்ணு சொன்னாங்க. கழட்டுன்னு யாரோ சார் போன்ல சொன்னாராமே. நீ என்கிட்ட கழட்டக் கூடாதுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அப்ப அந்த சார் யாரு?"

பொய் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. அன்று வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"தாராளமா போடலாம்னு சொன்னானே, அவன்தான். நான்தான் அவன்கிட்ட தப்பு நடந்துடுச்சுன்னு கத்திட்டு வந்தேன். அவசரத்துல கூடாதுன்னு மட்டும் சொன்னேன். தொடாதேன்னு சொல்லல. அவன் அவனா கழட்டுன்னு சொல்லிட்டான். நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா..."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"போடுன்னு சொன்னதும் உங்க ஆபீஸ்தான். கழட்டுன்னு சொன்னதும் உங்க ஆபீஸ்தான்" என்றாள். சத்தம் போடவில்லை, என்னைத் திட்டவும் இல்லை, கணக்கு சரியா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அவரு ரெண்டு தடவையும் உங்க பேச்சைக் கேட்டாருக்கா."